தொடாதே என்று சொல்லும் வயது

உங்கள் வீட்டு வளவிலோ உங்கள் பெரியப்பாவின் வளவிலோ ஒரு காலத்தில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ-40 காரோ நின்றிருக்கக்கூடும். சொந்தமாக இல்லாவிடினும், கலியாணத்துக்கோ மருதமடுத் திருவிழாவுக்கோ வாடகைக்குப் பிடித்து, நால்வர் இருக்கவேண்டிய இடத்தில் எட்டுப்பேர் நெருக்கியிருந்து போன ஞாபகமாவது இருக்கும். ஆசனத்தோலின் மணமும், எஞ்சின் முனகும் ஒலியும், றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவதற்காக வழியில் நிறுத்தியபோது இறங்கி நின்ற மரநிழலும் உங்களுக்குத் தெரிந்தவையே. அப்படியொரு காரை இன்று தெருவில் கண்டால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். உங்கள் மகனும் பார்ப்பான். ஆனால் வேறொரு கண்ணோடு பார்ப்பான். இந்த இரண்டு கண்களைப் பற்றித்தான் உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன். 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று எங்கள் கொட்டிலில் தறப்பாளால் மூடப்பட்டு நிற்கிறது. அப்பா அதை 1962இல் இரண்டாங் கையாக வாங்கினார். இன்று அது ஓடுகிறது என்றும் சொல்லலாம், ஓடவில்லை என்றும் சொல்லலாம். மாதத்துக்கொருமுறை கிளப்பி, ஒழுங்கைமட்டும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதோடு சரி. கொழும்பில் வேலைபார்க்கும் என் மகன், இருபத்தேழு வயதுக்காரன், விடுமுறையில் வந்தபோது தறப்பாளை நீக்கிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னான். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு யப்பானிய எஞ்சின் ஒன்றை கியர்ப்பெட்டியோடு ஏற்றவேண்டும்; அகலமான சில்லுகள் பூட்டவேண்டும்; வில்லுகளைத் தணித்து, காரை நிலத்தோடு ஒட்டவைக்கவேண்டும். இது அவன் கண்டுபிடித்த புதுமையல்ல. டட்சன் எஞ்சினை மைனருக்குள் இறக்கும் வேலை இந்த நாட்டில் பல ஆண்டுகளாக நடப்பதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கம்வரை புதிய கார் வராமலிருந்த காலத்தில் பழைய கார்களின்மேல் இளைஞருக்கு ஒரு புதுப்பார்வையும் பிறந்திருந்தது.

நான் ஒரே சொல்லில் பதில் சொன்னேன்: “தொடாதை.”

அவன் வாதாடவில்லை. தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். 1932ஆம் ஆண்டுப் போர்ட் கார். மட்காட் இல்லை, கூரை வெட்டித் தணிக்கப்பட்டிருந்தது, எஞ்சினின் பக்கத்து மூடிகளும் இல்லை. “அப்பா, இதை உலகத்திலேயே பெரிய கார்க் கண்காட்சியிலை வைச்சுக் கும்பிடுகினம்” என்றான். கும்பிடுகிறார்கள் என்பது மிகையென்று நினைத்தேன். பிறகு அந்தக் கார்களின் கதையைத் தேடி வாசித்தபோது அவ்வளவு மிகையில்லை என்று தெரிந்தது. அந்தக் கதையை நீங்களும் கேட்கவேண்டும். ஏனெனில் அதில் ஒரு தலைமுறை முழுவதும் இளைஞராயிருந்து முதியவரானதைக் கண்ணாற் காணலாம்.

ஹென்றி போர்ட் தமது ‘ரி’ மாதிரிக் காரை 1908 முதல் 1927 வரை ஒரு கோடி ஐம்பது இலட்சத்துக்கும் மேலாகச் செய்து விற்றார். அத்தனை கார்கள் விற்றுப்போனால், சில ஆண்டுகளில் அத்தனை பழைய கார்கள் மலியும் அல்லவா? தென் கலிபோர்னியாவில் கையிற் காசில்லாத இளைஞர்கள் அந்தப் பழையனவற்றைச் சில டொலர்களுக்கு வாங்கினார்கள். 1932இல் போர்ட் கொம்பனி இன்னொரு காரியம் செய்தது. அதுவரை செல்வந்தர்களின் கார்களிலேயே பெரும்பாலும் இருந்த எட்டுச் சிலிண்டர் ‘வி’ எஞ்சினை, 65 குதிரை வலுவோடு, 500 டொலருக்கும் குறைந்த விலைக் காரில் வைத்து விற்றது. அந்தக் காரும் சில ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தது. இளைஞர்கள் காத்திருந்தார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். பாரத்தைக் குறைக்க மட்காட், பம்பர், பொனற் யாவற்றையும் கழற்றினார்கள். காற்றின் எதிர்ப்பைக் குறைக்கக் கூரைத்தூண்களை வெட்டி, சில அங்குலம் எடுத்துவிட்டு, மீண்டும் ஒட்டினார்கள். ஒரு காபுறேற்றர் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று வைத்தார்கள். மொஹாவே பாலைவனத்தில் மியூறொக் என்றொரு வறண்ட ஏரிப்படுகை உண்டு. மைல்கணக்கில் தட்டையாய்க் கிடக்கும் களிமண் தரை. அங்கே கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். 1937இல் அதற்கென ஒரு சங்கமும் அமைந்தது. பின்னர் அந்த இடத்தை இராணுவம் விமானத்தளத்துக்கு எடுத்துக்கொள்ள, எல் மிராஜ் என்னும் வேறொரு ஏரிப்படுகைக்குப் போனார்கள். இன்றும் அங்கே ஓடுகிறார்கள். இக்கார்களுக்கே ‘ஹொட் றொட்’ என்று பெயர். உலகப்போர் முடிந்து 1945இல் இளைஞர் வீடு திரும்பியபோது, படையில் இயந்திர வேலை பழகிய கைகளும் அவர்களோடு திரும்பின. 1948இல் அவர்களுக்கென ஒரு சஞ்சிகை தொடங்கியது. தெருவில் நடந்த ஓட்டங்களை ஒழுங்கான ஓடுபாதைக்குக் கொண்டுவருவதற்கு 1951இல் ஒரு தேசிய சங்கம் அமைந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் பழைய காரை வெறுத்து வெட்டவில்லை. அழகுக்காகவும் தொடக்கத்தில் வெட்டவில்லை. வேறொன்று வாங்க வழியில்லாததால், கையில் அகப்பட்டதைத் தாங்கள் விரும்பியதாக ஆக்கினார்கள். அழகு பின்னால் வந்து சேர்ந்தது. ஊர்ப் பெரியவர்களுக்கோ இது பொறுக்கவில்லை. கௌரவமான குடும்பம் கோயிலுக்குப் போய்வந்த காரை இப்படி உரித்துப்போட்டு, இரைச்சலோடு தெருவில் ஓடுகிறார்களே என்று முறையிட்டார்கள். பொலிசார் துரத்தினார்கள். அந்த இளைஞருள் எவனாவது ஒருவனிடம், நீ வெட்டுகிற இந்தக் கூரையை ஐம்பது ஆண்டு கழித்து ஒருவன் கண்ணாடி போட்டு அளந்து பார்ப்பான் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

அவர்களுக்கும் வயது போயிற்று. 1964இல் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. வந்தபின், பெரிய எஞ்சின் பூட்டிய வேகமான கார்களை டிற்றொயிற் கொம்பனிகளே செய்து விற்கத் தொடங்கின. கை அழுக்காக்காமலே வேகம் வாங்கலாம் என்றாயிற்று. காப்புறுதிக் கட்டண உயர்வும், புகை பற்றிய சட்டங்களும், 1973ஆம் ஆண்டு எண்ணெய்த் தடையும் சேர்ந்து அந்தக் காலத்தையும் முடித்துவைத்தன. அதே 1973இல் ‘அமெரிக்கன் கிராபிற்றி’ என்ற படம் வெளியாயிற்று. 1962ஆம் ஆண்டின் ஓரிரவை அது காட்டுகிறது. அதில் மஞ்சள் நிறமடித்த 1932 போர்ட் ஒன்று ஓடுகிறது. பதினொரு ஆண்டுக்குள் இவ்வளவு ஏக்கமா என்று நீங்கள் கேட்கலாம். 1990இல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பதினொரு ஆண்டுக்கு முந்திய 1979 அன்று எங்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது!

1970இல் இல்லினோய் மாநிலத்துப் பியோரியா நகரில் இத்தகைய கார்க்காரர் நாடளாவிக் கூடினார்கள். இப்போது ஓட்டப்பந்தயம் இல்லை. குடும்பத்தோடு வந்து, நிறுத்திவைத்து, பார்த்துப் பேசிப் போவதுதான். காலப்போக்கில் அந்தக் கார்களுக்குள் தானியங்கி கியரும் குளிரூட்டியும் மெத்தை ஆசனங்களும் புகுந்தன. முதுகு நோகத் தொடங்கியதும் கொள்கையும் சற்று இளகிவிடுகிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கும் முதுகு நோகிறது.

இனித்தான் நான் சொல்லவந்த இடம். கலிபோர்னியாவில் கடலோரமாக பெபிள் பீச் என்றோர் இடமுண்டு. 1950 முதல் அங்கே புல்தரையில் கார்களின் அழகுப்போட்டி நடந்துவருகிறது. பெருஞ்செல்வர்கள் தங்கள் விலைமதிப்பற்ற கார்களைத் துடைத்து மினுக்கிக் கொண்டுவருவார்கள். 1997இல் அங்கே ஹொட் றொட் கார்களுக்கும் ஒரு பிரிவு திறந்தார்கள். பொலிசார் துரத்திய கார், வெள்ளைத் தொப்பிக்காரர் நடுவில் வந்து நின்றது. அந்தக் காரை இப்போது எப்படித் திருத்துகிறார்கள் தெரியுமா? போர்ட் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியல்ல; அந்த இளைஞன் 1940களில் எப்படி வெட்டினானோ அப்படி. அவன் எந்த இடத்தில் எத்தனை அங்குலம் வெட்டினான், எந்தக் காபுறேற்றர் வைத்தான், என்ன நிறம் அடித்தான் என்று பழைய நிழற்படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். இனி ஒருவன் அதிலே தன் விருப்பப்படி ஒரு துளை போட்டாலும் குற்றம். ‘எதையும் தொடலாம்’ என்று பிறந்த கார், ‘எதையும் தொடாதே’ என்ற நிலைக்கு வந்துவிட்டது. வெட்டியவனுக்கு வயது போனதோடு வெட்டுக்கும் வயது போய், அதுவும் பரம்பரைச் சொத்தாயிற்று.

அவர்களுக்குப் பின் வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? இந்த மினுக்கம் வேண்டாமென்று துருவோடும் பொத்தலோடும் ஓடும் கார்களைச் சிலர் வேண்டுமென்றே செய்தார்கள். இன்னும் இளையவருக்குப் போர்ட்டும் வேண்டாம், பொன்ரியாக்கும் வேண்டாம். வீடியோ விளையாட்டிலும் படத்திலும் கண்ட யப்பானியக் கார்களே வேண்டும். இருபத்தைந்து வயதைத் தாண்டிய கார்களுக்கு அமெரிக்க இறக்குமதி விதிகள் தளர்கின்றன. ஆகவே 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் 2014இலிருந்து அங்கே போகத் தொடங்கியது. முதியவர்கள் அதைப் பார்த்து “இதுவும் ஒரு காரா?” என்கிறார்கள். 1940களில் தங்களைப் பார்த்து யாரோ கேட்ட கேள்வி அது என்பது அவர்களுக்கு ஞாபகமில்லை. ‘ரி’ மாதிரிக்கோ இப்போது ஆள் குறைவு. அதைத் தம் இளமையில் ஆசைப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சந்தைப்படுத்தல் துறை அறிஞர் இருவர், ஹோல்புறூக், சின்ட்லர் என்போர், 1989இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் மிக விரும்பும் பாட்டுக்கள் ஏறக்குறைய அவர்களது இருபத்துமூன்று, இருபத்துநான்காம் வயதில் வெளிவந்தவை என்று கண்டார்கள். 2003இல் அவர்களே கார்களின் தோற்றத்தை வைத்தும் ஆராய்ந்தார்கள். அங்கும் இளமைக்காலத்து மாதிரியே மனத்தில் நின்றது. ஆனால் ஆண்களிடம் மட்டும். (என் மனைவி இதைக் கேட்டுச் சற்றும் ஆச்சரியப்படவில்லை.)

வாசகரே, இது ஒருவகையில் மனத்தைச் சுடும் செய்தி. நான் இருபது ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால் இந்த மைனருக்காக உருகமாட்டேன். வேறொரு காருக்காக உருகியிருப்பேன். அப்போதும் இதே உறுதியோடு அதுவே உண்மையான கார் என்று வாதாடியிருப்பேன். அப்படியானால் என் ‘தொடாதே’ என்ற சொல் காரைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா? முதுமையில் எங்கள் விருப்பம் பழையதன் பக்கம் சாயும்போது அதை நாங்கள் முதிர்ச்சி என்கிறோம். இளையவனுடையதை மோகம் என்கிறோம். ஒரே தராசில் இரண்டையும் வைத்து நிறுப்பது நியாயமல்லவா?

ஆனாலும் எல்லா விருப்பமும் வெறும் வயதுக்கோளாறு என்று தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. வயது சிலவற்றைக் கற்றுத்தரத்தான் செய்கிறது. பத்தொன்பது வயதில் எனக்கு இந்தக் காரின் தகடு எவ்வளவு தடிப்பு, கதவு ஏன் ஒரு தள்ளலில் மூடுகிறது, இவ்வளவு சிறிய எஞ்சினோடு வளைவில் ஏன் இவ்வளவு நிதானமாகத் திரும்புகிறது என்பதெல்லாம் தெரியாது. பிழை பிடித்து, கழற்றி, பூட்டி, கையைக் கிழித்துக்கொண்டுதான் தெரிந்தது. ஒரு பொருளைச் செய்தவனின் கையை அடையாளங் காண்பதற்கு எங்கள் கையும் கொஞ்சம் பழகவேண்டியிருக்கிறது. அது ஏக்கமல்ல, அறிவு. இந்த அறிவும் அந்த ஏக்கமும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதுதான் சங்கடம். எனக்குள்ளேயே எது எதுவென்று பிரித்துக்காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தக் காலத்து மைனர்களுக்கு இன்றுள்ளதுபோல மினுங்கும் சமிக்ஞை விளக்குகள் இல்லை. கதவுக்குப் பின்னாலுள்ள தூணில் ஒரு சிறு பிளவு. திரும்பும் பக்கத்து ஆளியைப் போட்டால் அதற்குள்ளிருந்து மஞ்சள் விளக்கோடு ஒரு சிறு கை எழுந்து நீட்டும். 1979இல், பத்தொன்பது வயதில், எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது. 1977க்குப் பின் யப்பானியக் கார்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலம். நான் அந்த இரண்டு கைகளையும் பிடுங்கி எடுத்தேன். பிளவுகளைத் தகரம் வைத்து அடைத்தேன். முன்னும் பின்னும் துளைபோட்டு மினுங்கும் விளக்குகள் பூட்டினேன். சாம்பல் நிறக் காருக்குச் சிவப்பு அடித்தேன். புகைக்குழாயை இடையில் வெட்டி, ஒலி கூட்டினேன். கலிபோர்னியாவைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. ஆனால் செய்தது அதேதான்.

அப்பா திண்ணையில் இருந்து பார்த்தார். தடுக்கவில்லை. “உன்ர விருப்பம் தம்பி. கழட்டினதை எறிஞ்சுபோடாதை” என்று மட்டும் சொன்னார். அவர் ரசனையுள்ள மனிதரல்லர். அவருக்குக் கார் ஓடவேண்டும், அவ்வளவுதான். 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் புதிய கார் வருவது ஏறக்குறைய நின்றுபோன நாட்டில், இருக்கிற காரை ஓடவைப்பதே ஒரு கலையாயிருந்தது. கடைசல் பட்டறையில் புஷ் கடையச்செய்தார். ஒரு காரின் உறுப்பை இன்னொன்றுக்கு அராவிப் பொருத்தினார். ரியூப் றப்பரில் வாஷர் வெட்டினார். ‘அசல்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பழைய கார்கள் பிழைத்தது பழைமையில் எங்களுக்கிருந்த பற்றால் அல்ல, வேறு வழியில்லாததால். கலிபோர்னிய இளைஞன் இல்லாமையால் வெட்டினான், யாழ்ப்பாணத்துத் தகப்பன் இல்லாமையால் காப்பாற்றினான். ரசனை என்பது இரண்டு இடத்திலும் தட்டுப்பாடு தீர்ந்தபின் வந்த விருந்தாளி.

அந்த எஞ்சினைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. அப்போது மைனரும் ஏ-40உம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் உயிர்போல வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபுறேற்றரில் விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால் அவை இதைத் தாங்கின. புகையும் இடியுமாகத்தான் ஓடின, ஆனால் ஓடின. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் மைனரும் அந்தக் கூட்டத்துக்குள் ஊர்ந்தது. எங்களில் யாரும் அதில் ஏறவில்லை. அயலிலிருந்த நடக்கமாட்டாத இரண்டு கிழவிகளும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இருந்தார்கள், அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தேன்.

ஆகவே மகன் எஞ்சினை இறக்கவேண்டும் என்றபோது என் நெஞ்சில் விழுந்த அடி எப்படிப்பட்டதென்று உங்களுக்குப் புரியும். இதை அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, “அப்ப, அப்பப்பா உங்களைத் தடுக்கேல்லையே அப்பா?” என்றான். தடுக்கவில்லை என்றேன். “நீங்கள் கழட்டின கையள் எங்கை?” என்றான். தெரியாது என்றேன்.

அடுத்தநாள் கொட்டிலின் மேற்தட்டிலிருந்த றங்குப்பெட்டியை அவன் இறக்கினான். இடம்பெயர்ந்து போகும்போது விட்டுப்போன பெட்டி. வெறும் பழைய இரும்பென்று யாரும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அப்பா 2003இல் காலமானபின் நானும் அதைத் திறக்கவில்லை. எண்ணெய்க் கடதாசியில் சுற்றியபடி அந்த இரண்டு கைகளும் உள்ளே இருந்தன. நான் வெட்டிய புகைக்குழாய்த் துண்டுகூட இருந்தது. அவர் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

அதே பெட்டியில் கார்க் கடதாசிகளும் இருந்தன. மகன் பதிவுப் புத்தகத்தை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். எஞ்சின் இலக்கம் வெட்டப்பட்டு, வேறோர் இலக்கம் எழுதப்பட்டு, 1968 என்ற ஆண்டோடு முத்திரை குத்தப்பட்டிருந்தது. 1955இல் வந்த மைனரின் எஞ்சின் 803 கன சென்ரிமீற்றர். புத்தகத்தில் இருந்தது 948. அதாவது 1956க்குப் பிந்திய காரொன்றின் எஞ்சின். எங்கேயோ விபத்தில் நொறுங்கிய மைனரிலிருந்து அப்பா வாங்கிப் போட்டிருக்கவேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. நான் அசல் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த எஞ்சின், அப்பா மாற்றிய எஞ்சின்.

தீசியசின் கப்பலைப் பற்றிப் பழைய கிரேக்கர் கேட்ட கேள்வி உங்களிற் சிலருக்கு நினைவிருக்கும். பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, கடைசியில் பழைய பலகை ஒன்றுகூட இல்லையென்றால், அது அதே கப்பல்தானா? புளூட்டாக் எழுதிவைத்த கேள்வி. தத்துவ ஆசிரியர்கள் இன்றும் விடாத கேள்வி. எங்கள் கொட்டிலில் அந்தக் கேள்வி நான்கு சில்லோடு நிற்கிறது. இன்னுமொன்றும் வாசித்தேன். மைனரை வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948இல் அது வெளிவருவதற்குச் சற்று முன்னர், அளவு ஒடுக்கமாயிருக்கிறதென்று அவருக்குத் தோன்றிற்றாம். மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்தார். அதுவே சரியென்று முடிவாயிற்று. பம்பர்கள் முன்னமே செய்துவிட்டபடியால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டார்கள். பொனற்றின் நடுவே ஓடும் அந்தத் தட்டைப் பட்டி அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. நான் எத்தனை வருடம் அந்தப் பட்டியைத் துடைத்திருக்கிறேன்! வெட்டு அதன் பிறப்பிலேயே இருந்திருக்கிறது. 1990களில் இங்கிலாந்து மைனர்களுக்கான தகடுகள் சில இந்த இலங்கையிலேயே அடித்து அனுப்பப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எது அசல், எது ஒட்டு என்று யார் சொல்வது?

இதனால் மகன் சொன்னதே சரியென்று நான் ஏற்றுக்கொண்டேன் என்று எண்ணாதீர்கள். அப்பா மாற்றியது கார் ஓடுவதற்காக. இவன் மாற்றக் கேட்பது பறப்பதற்காக. இரண்டும் ஒன்றல்ல என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் நான் சிவப்பு அடித்தது எதற்காக? அதற்கு என்னிடம் பதிலில்லை. பழைய ஏரிப்படுகைக்காரர்கள் பேரப்பிள்ளைகளின் கார்களைப் பார்த்து முகஞ்சுளிப்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இப்போது என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

சென்ற மாதம் கொழும்புக்குப் போனபோது அவன் என்னைப் பஞ்சிகாவத்தைக்குக் கூட்டிப்போனான். பழைய உறுப்புக்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்தோம். எஞ்சின் ஒன்றைக் காட்டினான். குனிந்து, கையால் தடவிப் பார்த்தேன். நல்ல எஞ்சின்தான். விலையையும் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

எஞ்சினை மாற்றுவதானால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். பதிவதற்கு உரிமையாளர் கையொப்பம் வேண்டும். புத்தகத்தில் உரிமையாளராக இன்னும் இருப்பது அப்பாவின் பெயர். இத்தனை ஆண்டாக நான் மாற்றவில்லை. அதை முதலில் என் பெயருக்கு மாற்றுவதா, நேரே அவன் பெயருக்கே மாற்றுவதா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போகுமுன் அவன் அந்த இரண்டு கைகளையும் மேசையில் வைத்து, பற்றறியில் கம்பி தொடுத்துப் பார்த்தான். இடப்பக்கத்துக் கை எழுந்து, விளக்கும் எரிந்தது. வலப்பக்கத்தது எழவில்லை. அதைத் திருத்தலாம் என்கிறான்.